எண்பத்தேழால் வகுபடாதவை

அமெரிக்கச் சரக்கு ரயில்களில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஓடிய 40 அடி மூடிய வேகனை அங்கே பாக்ஸ்கார் என்பார்கள். மாவு மூட்டை, காகித உருளை, டயர், டின் உணவு, தானியம் என எதையும் ஏற்றிய பெட்டி அது. தகட்டுச் சுவர், பக்கத்துக்கு ஒரு நகரும் கதவு, கூரையின் நடுவே ஓர் ஆள் நடந்துபோக ஒரு பாதை. இதே பெட்டியை உள்ளங்கை நீளத்துக்குச் செய்து, பெயின்ட் அடித்து, எழுத்து ஒட்டி, துருவும் ஏற்றி நிறுத்துகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் அளவு எச்.ஓ. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் 3.5 மி.மீ. பிரிட்டனில் அடிக்கு 7 மி.மீ. என்று ஓர் அளவு முன்பே வழக்கில் இருந்தது; அதில் பாதி இது. வகுத்துப் பார்த்தால் 87.1 என்ற விநோதமான எண் வருகிறது.

வரைபடம் கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் 87ஆல் வகுத்துவிடலாம், மீதி கைத்திறன்தான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். ஆனால் வகுபடுவது நீளம் மட்டுமே. எடை வேறு கணக்கில் குறைகிறது. பெயின்டின் தடிமன் ஓர் எல்லைக்குக் கீழே குறையவே மறுக்கிறது. வெளிச்சமும் ஈர்ப்புவிசையும் திரவத்தின் பரப்பு இழுவிசையும் பெட்டி சிறிதாகிவிட்டதே என்று தங்களை மாற்றிக்கொள்வதில்லை. நல்ல மாதிரி செய்பவர் இவை ஒவ்வொன்றோடும் தனித்தனியே பேரம் பேசுகிறார். எங்கே கணக்கை மீறினால் கண்ணுக்கு உண்மையாகத் தெரியும் என்ற அறிவுதான் இந்தக் கலையின் உயிர் என்று நினைக்கிறேன்.

எடையை எடுத்துக்கொள்வோம். காலியான 40 அடி பாக்ஸ்கார் ஏறக்குறைய 21 டன் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால், எடை ஏறக்குறைய 6,60,000 மடங்கு குறைய வேண்டும். 21 டன் வெறும் 32 கிராம் ஆகிவிடுகிறது. ஏற்றக்கூடிய சரக்கு முழுவதையும் ஏற்றினாலும் 100 கிராம் பக்கம்தான் வரும். ஆனால் 1935இல் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை வேறு: எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், பிறகு பெட்டி நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குல பாக்ஸ்காருக்கு இது 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். காலிப் பெட்டியின் மாதிரி, சரக்கு நிரம்பிய நிஜப் பெட்டியின் கணக்கு எடையையும் தாண்டி நிற்கிறது!

இந்த விதிமீறலுக்கு முதல் காரணம் வளைவு. வீட்டு அறையில் போடும் எச்.ஓ. பாதையில் 46 செ.மீ. ஆரமுள்ள வளைவு சர்வசாதாரணம். அதை 87ஆல் பெருக்கினால் 40 மீட்டர். நிஜமான பிரதானப் பாதையில் 175 மீட்டர் ஆரம் என்றாலே மிகக் கடுமையான வளைவு. மாதிரியில் அதற்கு 2 மீட்டர் ஆரம் வேண்டும், அதாவது அரைவட்டம் போட 4 மீட்டர் அகல அறை. அப்படி அறை யாரிடம் இருக்கிறது? எனவே மாதிரி ரயில், நிஜ ரயில் ஒருபோதும் திரும்பாத வளைவில் திரும்புகிறது. முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் 30 பெட்டிகள் தடுக்க, நடுவில் உள்ள பெட்டிகளை அந்த இழுவிசை வளைவின் உட்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. அதை எதிர்த்து நிற்கப் பெட்டிக்கு இருப்பது தன் எடை ஒன்றே. இதோடு தண்டவாள இணைப்பில் 0.2 மி.மீ. படி இருந்தாலும் அது நிஜத்தில் 17 மி.மீ. படிக்குச் சமம். 32 கிராம் பெட்டி அதில் ஏறித் தாவிவிடும். 113 கிராம் பெட்டி அழுந்திக் கடந்துவிடும்.

சேர்க்கும் கனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கீழே, தரையை ஒட்டி வைத்தால் ஈர்ப்பு மையம் தாழும், பெட்டி கவிழாது. பல கிட்டுகளில் தரைக்கு மேலேயே ஓர் எஃகுத் தகடு வரும். போதாதபோது நட்டு, போல்ட், ஈயக் குண்டு என்று கையில் கிடைத்ததைச் சேர்ப்பார்கள். ஈயக் குண்டில் ஒரு ரசாயனப் பொறி இருக்கிறது. மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையால் அதை ஒட்டினால் சில ஆண்டுகளில் பெட்டியின் வயிறு புடைத்து, பக்கச் சுவர் பிளக்கிறது. அந்தப் பசை மெதுவாக அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அமிலமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து ஈயத்தை வெள்ளை நிற ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அது ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஓவியர்களுக்கான வெள்ளை நிறமியைப் பழைய காலத்தில் ஐரோப்பியர்கள் இப்படித்தான் தயாரித்தார்கள், ஈயத்தை வினிகர் ஆவியில் மாதக்கணக்கில் வைத்து. இன்று விவரம் தெரிந்தவர்கள் ஈயத்துக்கு எப்பாக்சி போடுகிறார்கள், அல்லது ஈயத்தைத் தொடுவதே இல்லை. ஈயத்தின் நச்சை எண்ணினால் இரண்டாவது வழிதான் நல்லது.

எடையைக் கூட்டினாலும் தீராத ஒன்று ஆட்டம். ஈர்ப்பின் கீழ் ஆடும் எதற்கும், அளவு 87 மடங்கு குறைந்தால் ஆடும் நேரம் 87இன் வர்க்கமூலமான 9.3 மடங்கு குறையும். நிஜப் பெட்டி நிதானமாகச் சாய்ந்து எழும், மாதிரி நடுங்கும். திரைப்படங்களில் மினியேச்சர் ரயிலைக் கவிழ்த்துப் படமெடுக்கும்போது கேமராவை அதிவேகத்தில் ஓடவிட்டுப் பிறகு மெதுவாகக் காட்டுவது இதற்காகத்தான். நம் கண்முன் ஓடும் ரயிலுக்கு அந்த வசதி இல்லை. மெதுவாக ஓட்டுவது, பாதையைத் துல்லியமாகப் போடுவது, இவையே மருந்து.

சக்கரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிஜச் சக்கரத்தின் விளிம்பு ஏறக்குறைய 25 மி.மீ. ஆழம், வகுத்தால் 0.29 மி.மீ. அவ்வளவு குறைந்த விளிம்பு வீட்டுப் பாதையில் நிற்காது என்பதால் 0.64 மி.மீ. வரை விடுகிறார்கள். சக்கரத்தின் அகலமும் கணக்குக்கு 1.7 மி.மீ. போதும், வழக்கத்தில் 2.8 மி.மீ. பாதை இடைவெளி மட்டும் கச்சிதம்: 1435 மி.மீ. பாதைக்கு 16.5 மி.மீ. ஆனால் இந்தக் கச்சிதம் நம் ரயிலுக்குப் பொருந்தாது. இந்திய அகலப்பாதை 1676 மி.மீ.; எச்.ஓ.வில் 19.2 மி.மீ. வர வேண்டும். பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியில் கட்டிய பெட்டியை யாராவது மாதிரியாகச் செய்து, கடையில் வாங்கிய 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டினால், உடல் 87இல் ஒரு பங்காகவும் பாதை ஏறக்குறைய 102இல் ஒரு பங்காகவும் இருக்கும். நேராக முன்னாலிருந்து பார்த்தால் பெட்டி ஒடுங்கிய காலில் நிற்பது தெரிந்துவிடும். நீலகிரி மலை ரயில் அதிர்ஷ்டசாலி. அதன் 1000 மி.மீ. பாதைக்கு 11.5 மி.மீ. வேண்டும், 12 மி.மீ. தண்டவாளம் சந்தையில் உண்டு.

பெட்டியின் உடல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். உருக்கி அச்சில் செலுத்தும்போது ஒவ்வொரு மூலைக்கும் ஓடிப்போய் நிரம்பும் குணம் அதற்கு உண்டு. அதனால்தான் 0.3 மி.மீ. அகலமுள்ள ரிவெட் தலைகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக எழுப்ப முடிகிறது. இதை ஒட்டுவது வழக்கமான பொருளில் ஒட்டுவதே அல்ல. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் ஒரு சொட்டுக் கரைப்பானைத் தொட்டால், நுண்புழை ஈர்ப்பால் அது தானே இடுக்கு முழுவதும் ஓடிப் பரவும். இரு பக்கமும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு இழைகள் இளகி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் அங்கே இணைப்பு இருக்காது, ஒரே பிளாஸ்டிக்காக இருக்கும். பிசினில் வார்த்த உடல்களுக்கும் உலோகத் துண்டுகளுக்கும் இது உதவாது. அங்கே சயனோஅக்ரிலேட், அதாவது நாம் எல்லோரும் ஃபெவிக்விக் என்று சொல்லும் வகைப் பசை. அது இறுகுவது காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால். அதன் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால் ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவே போதும்.

அச்சில் வராதவை கைப்பிடிக் கம்பிகள். பெட்டியின் ஓரத்தில் ஏறுவதற்கான இந்தக் கம்பிகள் நிஜத்தில் 16 மி.மீ. தடிமன், மாதிரியில் 0.18 மி.மீ. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லிய, சுவரை விட்டு விலகி நிற்கும் கம்பியை உடலோடு சேர்த்து வார்க்க முடியாது. சுவரில் புடைத்த கோடாகத்தான் வரும். அக்கறையுள்ளவர்கள் அந்தக் கோட்டைச் செதுக்கி எறிந்துவிட்டு, துளை போட்டு, 0.25 அல்லது 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்துச் செருகுவார்கள். பெரிய வித்தியாசம் இது. தடிமன் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் புகுகிறது, நிழல் விழுகிறது. கண் முதலில் பிடிப்பது அந்த நிழலைத்தான்.

எவ்வளவு நுணுக்கம் போதும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறிய முடிகிற சிறிய கோணம் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ. நிஜப் பெட்டியின் அளவுக்குத் திருப்பினால் ஏழெட்டு மில்லிமீட்டர். அதாவது பெட்டியில் அரை விரல் தடிமனைவிடச் சிறிய எதையும், மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கிறவரால்கூட வடிவமாக உணர முடியாது. ரிவெட் தெரியும், ரிவெட்டைச் சுற்றிய தழும்பு தெரியாது. ஆனால் நிறமாகவும் நிழலாகவும் அது தெரியலாம். வடிவம் முடிகிற இடத்தில் பெயின்ட் தொடங்குகிறது.

நிஜப் பெட்டியின் பெயின்ட் பூச்சு ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். வகுத்தால் ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய பூச்சை யாராலும் அடிக்க முடியாது. முடிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தெரியும். பெயின்ட் மறைப்பது நிறமித் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதாலோ விழுங்குவதாலோ. வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்ஸைடு ஒளியை மிக நன்றாகச் சிதறடிப்பது அதன் துகள் 0.25 மைக்ரான் அளவில், ஏறக்குறைய ஒளியின் அலைநீளத்தில் பாதியாக, இருக்கும்போது. நிஜப் பெட்டிக்கும் இதே துகள்தான், மாதிரிக்கும் இதே துகள்தான். ஒளியின் அலைநீளத்தை 87ஆல் வகுக்க முடியாது. எனவே துகளையும் குறைக்க முடியாது, மறைக்கத் தேவையான அடுக்கையும் ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியாது. இருபது, இருபத்தைந்து மைக்ரான் பூச்சு என்பது நிஜத்தில் 2 மி.மீ. தடிமனுள்ள பெயின்ட். பிரைமர், நிறம், வார்னிஷ் என்று மூன்று அடுக்கு போட்டால் ரிவெட்டுகள் மண்ணில் புதைந்தவை போல மழுங்கிவிடும்.

இங்கே நிறத்துக்கு நிறம் வித்தியாசம் உண்டு. கறுப்பு, கார்பன் துகளால் ஒளியை விழுங்கிவிடுவதால், மெல்லிய பூச்சிலேயே மறைத்துவிடும். நம் வீட்டு கேட்டுக்கும் கிரில்லுக்கும் முதலில் அடிக்கும் ரெட் ஆக்ஸைடும் அப்படித்தான். இரும்பு ஆக்ஸைடு நன்றாக மறைக்கும். அமெரிக்க பாக்ஸ்கார்களில் மிகப் பல அதே செங்காவி வம்சத்து நிறத்தில் ஓடின. மலிவு, வெயிலில் எளிதில் மாறாத நிறமி, புற ஊதாக் கதிரை விழுங்கி எண்ணெய்ப் பூச்சையும் ஓரளவு காக்கும் குணம் என்று அதற்குத் தகுதிகள் நிறைய. ஆகவே முதல் பெட்டி செய்பவருக்குச் செங்காவி பாக்ஸ்காரைத்தான் சொல்வேன். பழம் ஏற்றிய குளிர்பெட்டிகளின் மஞ்சளும் ஆரஞ்சும் அழகு, ஆனால் அவை ஒளியை உள்ளே விட்டுவிடும் நிறங்கள். அடியில் வெள்ளையோ வெளிர்சாம்பலோ பிரைமர் போடாமல் அவற்றை நிறுத்த முடியாது. அடுக்கு கூடும், நுணுக்கம் புதையும்.

பிரஷ்ஷைவிட ஏர்பிரஷ்ஷை எல்லோரும் நாடுவது இந்தத் தடிமன் பிரச்சினையால்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயிலிருந்து பெயின்ட் வரும். சுற்றிலும் வேகமாகப் பாயும் காற்று அதைப் பொடித் துளிகளாக உடைக்கும். துளி பரப்பில் விழும்போது ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் ஓடும் அளவுக்கு இருக்கக் கூடாது. தூரம் அதிகமானால் துளி வழியிலேயே உலர்ந்து, பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். கிட்டே போனால் குளம் கட்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும். காற்றின் ஈரம் அங்கே பனியாக இறங்கிப் பூச்சை வெளிறச் செய்யும். கடலோர நகரங்களில் இருப்பவர்கள் காலை பதினொரு மணிக்கு மேல் அடிக்கலாம்.

திரவங்கள் சிறிய அளவில் நடந்துகொள்ளும் விதம்தான் இந்த வேலையின் சூட்சுமமான பகுதி. ஒரு திரவத்தில் ஈர்ப்புவிசை வெல்லுமா, பரப்பு இழுவிசை வெல்லுமா என்பது அளவைப் பொறுத்தது. தண்ணீருக்கு அந்த எல்லை 2.7 மி.மீ. சுற்று. அதற்கு மேல் ஈர்ப்பின் ஆட்சி, கீழே இழுவிசையின் ஆட்சி. நிஜப் பெட்டியின் ரிவெட், விளிம்பு, கதவுத் தண்டு எல்லாம் எல்லைக்கு மேலே. மாதிரியில் அத்தனையும் எல்லைக்குக் கீழே. அதனால் நிஜப் பெட்டியில் மழை வழிந்து கோடு போடும். மாதிரியில் அதே திரவம் வழியாது, மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பை விட்டு விலகி உள்மூலையில் தேங்குவதும் இதனால்தான். இதைத் தொல்லையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மிகவும் நீர்த்த கரும்பழுப்பு நிறத்தைப் பூசினால் அது ஒவ்வொரு ரிவெட்டையும் தானே தேடிப்போய்ச் சுற்றிக்கொள்ளும். கையால் வரையவே முடியாத நிழலைப் பரப்பு இழுவிசை இலவசமாக வரைந்து கொடுக்கிறது. சமமான சுவரில் தேங்கவிட்டால் மட்டும், மேசையில் டம்ளர் வைத்த இடத்தில் காப்பி உலர்ந்து வளையம் போடுவதுபோல, ஓரம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. நிஜ ரயில் கம்பெனி பயன்படுத்திய பெயின்டையே, அதன் மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுத் துல்லியமாகக் கலந்து, மாதிரிப் பெட்டிக்கு அடித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: இருட்டாக இருக்கிறது. கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ சேர்த்தால்தான் சரியாகத் தெரிகிறது. இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் காற்று. 60 செ.மீ. தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பது நிஜப் பெட்டியை 50 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம், இடையிலுள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும், அதை நாம் சேர்க்க வேண்டும் என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது, கணக்கில் நிற்கவில்லை. 20 கி.மீ. வரை தெளிவாகத் தெரியும் நாளில் 50 மீட்டர் காற்று, பொருளின் நிற மாறுபாட்டைக் குறைப்பது நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. அதைக் கண் உணராது. தூரத்து மலை நீலமாகத் தெரியும், பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் பெட்டி அல்ல.

உண்மையான காரணம் விளக்கு என்றே நான் நம்புகிறேன். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி 1,00,000 லக்ஸ் அளவு. வீட்டு அறையில் 300 முதல் 500. நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்கிறது, ஆனால் முழுமையாக அல்ல. வெளிச்சம் கூடக்கூட ஒரே நிறம் மேலும் செறிவாகத் தெரியும். நிறவியலாளர்கள் இதை ஹண்ட் விளைவு என்பார்கள். வெளிச்சம் கூடும்போது இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடும் விரியும். வெயிலில் பளபளத்த செங்காவி, குழல் விளக்கின் கீழ் சோர்ந்த பழுப்பாகிவிடுவது அதனால். இதோடு சிறிய பரப்பில் உள்ள நிறம் பெரிய சுவரில் உள்ள அதே நிறத்தைவிட இருட்டாகவே தெரியும். ஆகவே எவ்வளவு வெளிறச் செய்வது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. பெட்டி எந்த விளக்கின் கீழ் நிற்கப்போகிறதோ அந்த விளக்கின் கீழ் வைத்து நிறத்தை முடிவு செய்ய வேண்டும். பால்கனி வெயிலில் கலந்த நிறம் உள்ளே வந்ததும் வேறாகிவிடும். முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் தவிர்ப்பது நல்ல பழக்கம். கரிய டேங்கர்களுக்குக்கூட அடர்சாம்பலே போதும்.

பளபளப்பையும் அடக்க வேண்டும். வெயிலில் நிற்கும் நிஜப் பெட்டி எவ்வளவு புதிதானாலும் தூரத்தில் மங்கியே தெரிகிறது. ஆனால் வேலையின் நடுவே ஒரு கட்டத்தில் பெட்டி கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டியிருக்கிறது, எழுத்துகளுக்காக. ரயில் கம்பெனியின் பெயர், எண், கொள்ளளவு, எடை என்று பக்கம் முழுக்க உள்ள எழுத்துகள் தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படலத்தில் அச்சாகி வரும். மங்கலான பரப்பு நுண்ணளவில் மேடுபள்ளம். அதில் படலத்தை ஒட்டினால் பள்ளங்களில் காற்று சிக்கி, ஒளியைத் திருப்பியடித்து வெள்ளி போல மின்னும். எனவே முதலில் பளபளப்பான வார்னிஷ், பிறகு படலம், படலத்தை இளக்கி ரிவெட்டின்மேல் படியவைக்கும் திரவம், கடைசியில் சிலிக்காத் துகள் கலந்த மங்கல் வார்னிஷ்.

இவ்வளவும் முடிந்த பெட்டி தொழிற்சாலையிலிருந்து இன்று காலை வந்ததாகவே நிற்கும். அதற்கு வயது ஏற்றும் கலையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலால் புகைப்படக்காரர். வீட்டின் அடித்தளத்தில் ஒரு மலைநாட்டு ரயில்பாதையையே கட்டி, அதில் துருப்பிடித்த, புழுதி படிந்த, மரம் வெளுத்த பெட்டிகளை ஓடவிட்டார். மாதிரி என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற காலத்தில் அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்து பலர் மனத்தை மாற்றின. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாள்களிலேயே தீவிபத்தில் அந்த ரயில்பாதையும் பெரும்பாலும் அழிந்தது. புகைப்படங்கள் மிஞ்சின.

அழுக்கு ஏற்றுவதை அலங்காரமாக நினைக்கிறவர்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பழுப்பைத் தூவிவிடுவார்கள். நிஜ அழுக்குக்குக் காரணம் உண்டு, காரணத்தைத் தெரிந்துகொண்டால் கை தானே சரியான இடத்துக்குப் போகும். பாக்ஸ்கார்களின் கூரை பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு. எண்ணெய்ப் பெயின்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகிறது. பெயின்டின் பிடி தளர்ந்து செதில் செதிலாக உரிகிறது. ஆகவே சுவர் செங்காவியாக ஒழுங்காக இருக்கும் பெட்டியிலும் கூரை திட்டுத்திட்டாகச் சாம்பல் காட்டும். மாதிரியில் இதைச் செய்ய, வெள்ளிச் சாம்பல் அடித்த கூரையில் ஈரம் தொட்டு உப்புக் கல் தூவி, மேலே செங்காவி அடித்து, உலர்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுப்பார்கள்.

குளிர்பெட்டிகளில், குறிப்பாக இறைச்சி ஏற்றியவற்றில், பனிக்கட்டியோடு உப்பைக் கலப்பார்கள். உப்பு பனியின் உருகுநிலையைத் தாழ்த்துவதால் பூஜ்யத்துக்கும் கீழே குளிர் கிடைக்கும். உருகி ஒழுகும் உப்புநீர் பெட்டியின் முனைகளையும் அடிச்சட்டத்தையும் அரிக்கும். ஆகவே அவ்வகைப் பெட்டியில் துரு முனைகளில் தொடங்க வேண்டும், கதவைச் சுற்றி அல்ல. சிமென்ட் வேகனில் மேல்திறப்பிலிருந்து வெண்கோடுகள் இறங்கும். சக்கரத்தின் வெளிமுகம்கூட காலத்தைச் சொல்லும். எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவில் அச்சு சுழன்ற பழைய முறையில் எண்ணெய் கசிந்து சக்கரமெங்கும் தெறித்துப் புழுதியோடு கறுத்துக் கிடக்கும். உருளைத் தாங்கிகள் வந்த பிறகு கசிவு நின்றது. சக்கர முகம் காய்ந்த துருவாக மாறியது. புதுத்துரு ஆரஞ்சு, பழந்துரு கரும்பழுப்பு. இந்த நிறங்களுக்குப் பயன்படும் அம்பர், சியன்னா பொடிகளும் இரும்பு ஆக்ஸைடு நிறைந்த மண்ணே. துருவைத் துருவின் சொந்தக்காரரைக் கொண்டே வரைகிறோம்.

இவற்றோடு ஆண்டும் பொருந்த வேண்டும். 1966 முதல் புதிய பாக்ஸ்கார்களில் கூரைப் பாதை வைப்பதை நிறுத்தினார்கள்; பழைய பெட்டிகளில் அது அடுத்த ஆண்டுகளில் படிப்படியாகக் கழற்றப்பட்டது. பெட்டிகளை அவ்வப்போது மறுபடி எடைபோட்டு, பக்கச் சுவரில் பழைய எடையின்மேல் புதிதாக ஒரு சிறு கட்டம் பெயின்ட் அடித்து, புது எடையையும் இடத்தையும் தேதியையும் எழுதுவார்கள். மங்கிய சுவரில் அந்தக் கட்டம் மட்டும் புதிதாகத் தெரியும். மாதிரியில் முதலில் அழுக்கு, பிறகு அந்தக் கட்டம் என்ற வரிசையில் செய்தால்தான் இது வரும்.

1967இல் அமெரிக்க ரயில்கள் பெட்டிகளை அடையாளம் காண, பக்கச் சுவரில் ஒளியைத் திருப்பும் வண்ணப் பட்டைகள் கொண்ட ஒரு தகட்டை ஒட்டத் தொடங்கின. பாதையோரக் கருவி அதைப் படித்துக்கொள்ளும் என்பது திட்டம். புழுதியும் கரியும் படிந்து கருவியால் படிக்க முடியாத தகடுகள் பெருகின. 1970களின் பிற்பகுதியில் திட்டம் கைவிடப்பட்டது. தகடுகள் மட்டும் பல பெட்டிகளில் மேலும் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டே ஓடின. 1975ஆம் ஆண்டுப் பெட்டியைச் செய்பவர் சில மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த வண்ணத் தகட்டை நுனிக் கிடுக்கியால் ஒட்டி, உலர்ந்ததும், ஒரு மெல்லிய பிரஷ்ஷால் சாம்பல் பொடி எடுத்து அதன்மேல் தேய்க்க வேண்டும்.